வெளுத்ததெல்லாம் பால் அல்ல

ஸ்ரீபெரும்புதூரில் இருந்து சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் போகிற சாலையில், ஒரகடத்துக்கு முன்பே வந்துவிடும் வல்லம் வடகால். சிப்காட் தொழிற்பூங்கா உள்ள ஊர். ராயல் என்ஃபீல்டு வண்டிகள் இங்கிருந்தும் புறப்படுகின்றன. 2024 ஆகஸ்ட் 17 அன்று இந்த ஊர்ப் பெயர் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்யும் பெண்களுக்காக 706.50 கோடி ரூபாயில் சிப்காட் கட்டிய விடுதியை அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார். மொத்தம் 18,720 பேர் தங்கலாம்.

இது அரசாங்கத்தின் கணக்கு. வியாபாரியின் கணக்கு வேறு. அவனுக்கு இது 18,720 முகம்.

பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயது. கையில் முதல் சம்பளம். ஊரில் மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு தொடங்கியிருக்கும். ஷிப்ட் முடிந்து கட்டிலில் சாய்ந்து செல்போனைத் திறந்தால் வரிசையாக வருவது என்ன? "ஏழே நாளில் பளிச்", "டாக்டர்கள் சொல்லாத ரகசியம்", "ஒரே டியூப், மணப்பெண் பொலிவு". பெட்டிக்கடையில் பாக்கெட், ஃபேன்சி ஸ்டோரில் டப்பா, மெடிக்கலில் டியூப். எல்லாவற்றுக்கும் தமிழ் விளம்பர உலகம் வைத்த ஒரே செல்லப் பெயர் 'சிவப்பழகு'.

இந்தச் சிவப்பழகுச் சரக்கை எல்லாம் இரண்டே வகையாகப் பிரித்துவிடலாம். ஒன்று, வேலை செய்யாதது. இன்னொன்று, வேலை செய்வது. வேலை செய்யாதது பணத்தைத் தின்னும். வேலை செய்வது தோலைத் தின்னும், சமயத்தில் சிறுநீரகத்தையும் சேர்த்துத் தின்னும். ஏழு நாளில், பத்திரமாக, நிரந்தரமாக நிறத்தை மாற்றும் மூன்றாவது வகை ஒன்று இருப்பதாகத்தான் எல்லா விளம்பரமும் சொல்கிறது. அப்படி ஒன்றை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஆகவே ஒரு கிரீம் சீக்கிரம் வெளுக்க வைத்தால் சந்தோஷப்படக் கூடாது, சந்தேகப்பட வேண்டும். சொல்ல வந்தது இவ்வளவுதான். ஏன் என்று பார்ப்போம்.

நிறம் எங்கே இருக்கிறது?

தோலின் மேல் அடுக்குக்கு அடியில் மெலனோசைட் என்கிற செல்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. அவை மெலனின் என்ற நிறமியைச் செய்து, சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி, பக்கத்துச் செல்களுக்கு அனுப்புகின்றன. இந்த நிறமித் தயாரிப்பில் முதல் வேலையைச் செய்வது டைரோசினேஸ் என்ற நொதி. அது இயங்கத் தாமிரம் வேண்டும். (தாமிரம் என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாதரசம் வரும்போது தேவைப்படும்.)

கருப்பாக இருப்பவருக்கு இந்தச் செல்கள் அதிகம், வெளுப்பாக இருப்பவருக்குக் குறைவு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. எண்ணிக்கை எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பொட்டலத்தின் அளவு, எத்தனை பொட்டலம் போகிறது, போன இடத்தில் எவ்வளவு நாள் இருக்கிறது, இவற்றில்தான் வித்தியாசம். இதை நிர்ணயிப்பது மரபணு. அம்மா கர்ப்பத்தில் குடித்த குங்குமப்பூப் பாலுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

மெலனின் சும்மா அழகுக்கோ அழுக்குக்கோ வந்ததல்ல. சூரியனின் புற ஊதாக் கதிர் செல்லுக்குள் புகுந்து டி.என்.ஏ.வை உடைக்காமல் தடுக்கிற குடை அது. காஞ்சிபுரம் மாவட்டத்து வெயிலில் அந்தக் குடையை விரித்துக்கொண்டு பிறந்தது ஒரு வசதி. அந்தக் குடையை மடக்கினால்தான் அழகு என்று அந்தப் பெண்ணிடமே காசு வாங்கிக்கொண்டு சொல்கிறார்கள்.

தோலின் நிறத்தில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று பிறப்பு தந்தது. இன்னொன்று வெயில் தந்தது. முதல் பங்கைப் பார்க்க வேண்டுமானால் மேல்கையின் உள்பக்கத்தை, வெயில் படாத இடத்தைப் பாருங்கள். வெயில் தந்த கருமை, வெயிலில் போகாமல் இருந்தால் சில வாரங்களில் தானே இறங்கும். மேல்தோல் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். ஆனால் மேல்கை உள்பக்கத்து நிறத்துக்குக் கீழே அது இறங்காது.

"கம்பெனிக்குப் போன பிறகு பிள்ளை கலராகிவிட்டாள்" என்று ஊரில் பேசுவதன் ரகசியம் இதுதான். கரும்பு வெட்டவும் களை எடுக்கவும் போன பெண், எட்டு மணி நேரம் கூரைக்கு அடியில் நிற்கிறாள். போகும்போதும் வரும்போதும் கம்பெனி பஸ். வெயில் தந்த கருமை இறங்குகிறது. அதே நேரத்தில் அவள் முகத்தில் ஒரு கிரீமும் இருந்தால், பெயர் தட்டிக்கொண்டு போவது கிரீம். கூரை செய்த வேலைக்குக் கிரீம் சம்பளம் வாங்குகிறது.

வேலை செய்யாத வகை

1975-ல் இந்துஸ்தான் லீவர் 'ஃபேர் அண்ட் லவ்லி'யை இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2020-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்டு, உலகமே நிறவெறியைப் பற்றிப் பேசியபோது, கம்பெனிக்கும் ஞானோதயம் வந்தது. அந்த ஆண்டு ஜூலையில் பெயர் 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது. 45 வருடம் விற்ற பொருளின் பெயரில் ஒரே ஒரு சொல் மாறியது. 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது. பெட்டிக்கடையில் கேட்பவர்கள் இன்றும் பழைய பெயரிலேயே கேட்கிறார்கள். கொடுப்பவர்களும் புரிந்துகொண்டு கொடுக்கிறார்கள். அதே 2020-ல் ஜான்சன் அண்ட் ஜான்சன் தன்னுடைய சில வெளுப்பு கிரீம்களை விற்பதையே நிறுத்தியது. ஷாதி டாட் காம் நிறத்தை வைத்து வரன் தேடும் வசதியை எடுத்தது. அவர்களால் முடிந்தது இவர்களால் ஏன் முடியவில்லை என்பதற்கு விடை, கல்லாப்பெட்டியில் இருக்கிறது.

இந்த வகை கிரீம்களில் உள்ள முக்கியச் சரக்கு நியாசினமைடு, அதாவது வைட்டமின் பி3. நியாயமாகச் சொன்னால் இது முழுப் பொய்யும் அல்ல. மெலனோசைட் அனுப்பும் பொட்டலங்கள் பக்கத்துச் செல்லுக்குப் போவதை இது ஓரளவு தடுக்கிறது. 2002-ல் 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் டெர்மட்டாலஜி'யில் வந்த ஆய்வில், 5 சதவீத நியாசினமைடு பூசிய ஜப்பானியப் பெண்களின் முகக் கரும்புள்ளிகள் எட்டு வாரத்தில் குறைந்தன. கவனியுங்கள், குறைந்தது புள்ளி. பூசுவதை நிறுத்தினால் பலன் போய்விடும். கரும்புள்ளி கொஞ்சம் மங்குவதற்கும், கருப்புப் பெண் வெள்ளைப் பெண்ணாகி வேலை கிடைத்து விமானம் ஏறுவதற்கும் நடுவில் உள்ள தூரத்தைக் கடப்பது விஞ்ஞானம் அல்ல, விளம்பரப் படத்தின் எடிட்டிங்.

பூசிய உடனே முகம் வெளுத்துத் தெரிகிறதே என்பார்கள். டைட்டானியம் டை ஆக்சைடு சேர்த்திருந்தால் அப்படித்தான் தெரியும். சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்டிலும் அதுதான் இருக்கிறது. கழுவினால் போய்விடும். "10-ல் 9 பெண்கள் வித்தியாசத்தை உணர்ந்தார்கள்" என்ற வரியில் முக்கியமான சொல் 'உணர்ந்தார்கள்'. அளந்தார்கள் என்று இருக்காது. எதனோடு ஒப்பிட்டார்கள் என்றும் இருக்காது. "தோல் மருத்துவ முறையில் சோதிக்கப்பட்டது" என்றால் பெரும்பாலும் எரிச்சல் வருகிறதா என்று சோதித்தார்கள் என்றுதான் பொருள், வெளுக்கிறதா என்று சோதித்தார்கள் என்று அல்ல.

ஆண்களும் இதில் தப்பவில்லை. 'ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்' கிரீமை 79 ரூபாய் கொடுத்து வாங்கிப் பூசி ஏமாந்த ஒரு டெல்லிக்காரர் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். கம்பெனி அங்கே என்ன சொன்னது தெரியுமா? பலன் கிடைக்க கிரீம் மட்டும் போதாதாம். சரியாகப் பூச வேண்டுமாம். சத்தான உணவு, உடற்பயிற்சி, நல்ல பழக்கம், சுகாதாரமான வாழ்க்கை எல்லாம் வேண்டுமாம்! இதெல்லாம் டியூபில் எங்கே எழுதியிருக்கிறது என்று மன்றம் கேட்டது. 2024 டிசம்பரில் எமாமி கம்பெனிக்கு எதிராக 14.5 லட்சம் ரூபாய்க்கு உத்தரவு போட்டது. டிவியில் கிரீம் தனியாகவே எல்லாவற்றையும் செய்கிறது. நீதிமன்றத்துக்கு வந்தால் கூடவே உடற்பயிற்சியும் வந்துவிடுகிறது.

வேலை செய்யும் வகை

ஃபேர் அண்ட் லவ்லி வந்த அதே 1975-ல் வேறு இரண்டு விஷயங்களும் நடந்தன. அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் கிளிக்மேனும் வில்லிஸும் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், ஒரு ஸ்டீராய்டு மூன்றையும் கலந்தால் தோலின் நிறமி குறைகிறது என்று எழுதினார்கள். தென்னாப்பிரிக்காவில் ஃபிண்ட்லேயும் அவருடன் இருந்தவர்களும், ஹைட்ரோகுவினோன் கிரீம் பூசிய பெண்களின் கன்னத்தில் நீலமும் கருப்பும் கலந்த, சொரசொரப்பான கறை படிவதைப் பதிவு செய்தார்கள். வெளுக்கப் பூசியது கருத்தது. அந்தக் கறையைப் போக்குவது மிகக் கடினம். தென்னாப்பிரிக்கா 1990-ல் ஹைட்ரோகுவினோன் கலந்த அழகு சாதனங்களையும், "வெளுப்பாக்கும்" என்ற விளம்பரத்தையும் சேர்த்தே தடை செய்தது.

கிளிக்மேன் கலவை மருத்துவர் கையில் மருந்துதான். மங்கு வந்த முகத்துக்குச் சில வாரங்கள், கண்காணிப்போடு கொடுப்பது. அதன் வம்சாவளிதான் இன்று மெடிக்கல்களில் சீட்டு இல்லாமல் "அக்கா, நல்ல கலர் தரும்" என்று கைமாறுகிறது.

அதில் உள்ள ஸ்டீராய்டு ஏன் வெளுக்க வைக்கிறது? ரத்தக் குழாயைச் சுருக்குகிறது. மெலனின் தயாரிப்பையும் அமுக்குகிறது. 1962-ல் மெக்கன்சியும் ஸ்டௌட்டனும் ஒரு சோதனை கண்டுபிடித்தார்கள். தோலில் ஸ்டீராய்டைத் தடவி அந்த இடம் எவ்வளவு வெளுக்கிறது என்று பார்த்து அதன் வீரியத்தை அளக்கும் சோதனை. அதாவது, வெளுப்புதான் அந்த மருந்தின் அளவுகோல். அதிகம் வெளுத்தால் அதிக வீரியம். அதிக வீரியம் என்றால் அதிகச் சேதம். முகத்தில் நீண்ட நாள் போட்டால் தோல் மெலியும், சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் சிவப்புக் கோடுகளாகத் தெரியும், பரு கிளம்பும், முகத்தில் முடி வளரும், வெயிலில் நின்றால் எரியும்.

இதில் ஒரு கண்ணியும் இருக்கிறது. நிறுத்தினால் முகம் சிவந்து, வீங்கி, தீயாய் எரியும். பாவம், அவள் என்ன நினைப்பாள்? "கிரீம் இல்லாமல் முகம் கெட்டுவிட்டது, மறுபடி போட வேண்டும்." போட்டால் அடங்கும். கெடுத்ததே மருந்தாகத் தெரியும். குடிகாரனுக்குக் காலையில் கை நடுங்க, ஒரு கிளாஸ் ஊற்றினால் நடுக்கம் நிற்பது போலத்தான் இது. ஸ்டீராய்டால் சேதமான முகம் என்று தோல் மருத்துவர்கள் இதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரை வைத்தவர்களும் இந்திய மருத்துவர்கள்தான். அந்த அளவுக்கு நோயாளிகள் இங்கே குவிந்திருந்தார்கள்.

2011-ல் வெளியான ஒரு ஆய்வில், நாடு முழுவதும் 12 மையங்களுக்கு முகப் பிரச்சினையோடு வந்த 2,926 பேரைப் பார்த்தார்கள். 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது மருத்துவர் அல்ல. கடைக்காரர், தோழி, சொந்தக்காரர், இப்படி யாரோ. 126 பேருக்கு அது வெறும் சிவப்பழகு கிரீம், பொது உபயோக கிரீம்.

வல்லம் வடகால் இதில் விதிவிலக்கு என்று நம்ப ஒரு காரணமும் இல்லை. உண்மையில் விடுதி வாழ்க்கை இதற்கு வாகானது. ஒருத்திக்கு ஒரு வாரத்தில் முகம் மாறினால் அறையில் உள்ள எல்லோருக்கும் டியூபின் பெயர் தெரிந்துவிடும். அந்த ஒரு வாரம்தான் விளம்பரம். ஆறாவது மாதம் யாரும் பார்க்காதபோது வருவதுதான் விலை.

பாதரசம்

ஸ்டீராய்டாவது கம்பெனி பெயரோடு வருகிறது. இதைவிட மோசமானது, எங்கே செய்தது என்றே தெரியாத டப்பா. தாமிரத்தை நினைவிருக்கிறதா? டைரோசினேஸ் நொதியில் அந்தத் தாமிரத்தின் வேலையைக் கெடுத்து மெலனின் தயாரிப்பை நிறுத்துகிறது பாதரசம். அதனால்தான் அது வெளுக்க வைக்கிறது. தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் சேர்கிறது.

பக்கத்து மாநிலத்தில் நடந்ததைப் பாருங்கள். கேரளாவின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் உள்ள மருத்துவர்களிடம், சிறுநீரில் புரதம் கசியும் நோயோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையில் வந்த 22 பேரில் 15 பேருக்கு நெல்-1 என்ற அபூர்வ வகை. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். 'கிட்னி இன்டர்நேஷனல்' ஆய்விதழில் இது வெளிவந்தது. இவர்களுக்கு ஆரம்ப அறிகுறி என்ன? காலில் வீக்கம், சிறுநீரில் நுரை, அசதி. எட்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கும் பெண்ணுக்குக் கால் வீங்கினால் யாராவது முகக் கிரீமைச் சந்தேகப்படுவார்களா? "நின்னுக்கிட்டே இருக்கேல்ல, அதான்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.

இன்னொன்று. பாதரசம் ஆவியாகும். துண்டிலும் தலையணையிலும் ஒட்டும். அமெரிக்காவின் கலிபோர்னியா, வர்ஜீனியா மாநிலங்களில் 2010-ல் நடந்த விசாரணையில், இந்த வகை கிரீம் பூசியவர்கள் வீட்டில், பூசாதவர்கள் உடம்பிலும் பாதரசம் இருந்தது. ஒரே அறையில் பலர் படுக்கும் விடுதியில் இது தனிநபர் விவகாரம் அல்ல.

பெரிய கம்பெனிகளின் கிரீம்கள் எல்லாம் இப்படி என்று சொல்லவில்லை. 2014-ல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 32 சிவப்பழகு கிரீம்களைச் சோதித்தபோது 14-ல் பாதரசம் இருந்தது. அதிகபட்சம் பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. இருக்கக் கூடாததுதான். ஆனால் பெயர் தெரியாத டப்பாக்களில் இது ஆயிரக்கணக்கான மடங்கு இருக்கும். மினமாட்டா ஒப்பந்தத்தில் 2018-ல் இந்தியாவும் சேர்ந்தது. 2020-ஓடு இந்த டப்பாக்களுக்கு உலகம் முழுக்க முடிவு கட்டியிருக்க வேண்டும். முடிவு காகிதத்தில் மட்டும் வந்தது.

கையுறை சொன்ன பாடம்

தொழிற்சாலைக்காரர்களுக்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். 1930-களின் கடைசியில் அமெரிக்காவின் ஒரு தோல் பதனிடும் ஆலையில் தொழிலாளர்களின் கைகள் திட்டுத் திட்டாக வெளுத்தன. காரணம், அவர்கள் போட்ட ரப்பர் கையுறை. ரப்பர் கெடாமல் இருக்கச் சேர்த்த மோனோபென்சோன் என்ற ரசாயனம் அவர்களின் நிறமி செல்களையே கொன்றுவிட்டது. 1939-ல் இதை மருத்துவ இதழில் எழுதினார்கள். ஒரு ரசாயனம் கருப்புத் தோலை வெள்ளையாக்கும் என்று மருத்துவ உலகம் தெரிந்துகொண்டது இப்படித்தான். அழகு நிலையத்தில் அல்ல, ஒரு தொழில் விபத்தில்!

அதற்கப்புறமாவது கற்றுக்கொண்டோமா? ஜப்பானில் கனேபோ என்ற பெரிய கம்பெனி, அரசு அனுமதியோடு, ரோடோடென்ட்ரால் என்ற பொருளைச் சேர்த்து வெளுப்பு கிரீம் விற்றது. 2013 ஜூலையில் எல்லாவற்றையும் திரும்பப் பெற்றது. 19,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு முகத்திலும் கழுத்திலும் வெண்புள்ளி. அந்த ரசாயனத்தை நிறமியாக்க முயன்ற டைரோசினேஸ், அதை விஷமாக மாற்றி, தன் செல்லையே கொன்றுவிட்டது. அனுமதியும் இருந்தது, பெயரும் இருந்தது. கிரீம் நன்றாகவே வேலை செய்தது. அதுதான் பிரச்சினை.

சட்டம் எங்கே தூங்குகிறது?

1940-ம் வருட மருந்து மற்றும் அழகு சாதனச் சட்டம் தெளிவாக இரண்டைப் பிரிக்கிறது. உடம்பின் இயக்கத்தை மாற்றுவது, நோய் தீர்ப்பது மருந்து. சுத்தம் செய்வது, அழகூட்டுவது, தோற்றத்தை மாற்றுவது அழகு சாதனம். மருந்துக்குச் சோதனை, சீட்டு, எச்சரிக்கை எல்லாம் வேண்டும். அழகு சாதனத்துக்கு அவ்வளவு தேவையில்லை. சிவப்பழகு வியாபாரம் முழுக்க இந்தக் கோட்டின் மேல்தான் நடக்கிறது. விளம்பரத்தில் மெலனினைக் குறைக்கிறேன் என்று மருந்து போலப் பேசுவது, உரிமம் வாங்கும்போது அழகு சாதனம் என்று நிற்பது. மெலனினை நிஜமாகவே குறைத்தால் அது மருந்து, மருந்துக்குரிய சோதனையைக் கொடு. குறைக்கவில்லை என்றால் விளம்பரம் பொய், நிறுத்து. இரண்டில் ஒன்றைச் சொல்லட்டுமே!

விளம்பரத் தரக் கவுன்சில் 2014-ல், கருப்பு நிறத்தைத் தாழ்வாகக் காட்டாதே என்று நெறிமுறை கொண்டுவந்தது. மத்திய சுகாதார அமைச்சகம் 2018 மார்ச்சில் 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை 'எச்' அட்டவணைக்குள் கொண்டுவந்தது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. 2020 பிப்ரவரியில், நிறத்தை வெளுப்பாக்கும் என்று விளம்பரம் செய்தால் சிறை என்று, 1954-ம் வருட மாய மருந்துச் சட்டத்துக்குத் திருத்த வரைவு வெளியிட்டது. வரைவு வந்த வேகத்தில் சட்டம் வரவில்லை. இருக்கிற விதியும் மெடிக்கல் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்குத் தெரியாது. அந்தப் பக்கம் நிற்பவர் தெரியாத மாதிரி இருக்கிறார்.

வழக்கமாகச் சொல்லும் மூன்று சமாதானங்கள்

"அவரவர் முகம், அவரவர் விருப்பம். உனக்கு என்ன?" நல்ல கேள்வி. விருப்பம் என்றால் தெரிந்து தேர்ந்தெடுப்பது. டியூபில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் விற்பதற்கு விருப்பம் என்று பெயர் இல்லை. இரண்டாவது, கருப்பாக இருந்தால் சீர் கூடுதலாகக் கேட்கும் ஊரில் இருந்து வந்த பெண்ணுக்கு அந்தக் கிரீம் ஆடம்பரம் அல்ல. அவள் கணக்கில் அது சேமிப்பு. அவளைத் திட்டிப் பயனில்லை. நகைக் கடையில் தங்கத்துக்குச் சேதாரம் போடுவது போல, பெண்ணின் நிறத்துக்குச் சேதாரம் போடுகிறவர்களைத்தான் திட்ட வேண்டும்.

"கிரீம் வேண்டாம், இயற்கையாகப் பண்ணலாமே?" கடலை மாவும் நலங்கு மாவும் அழுக்கை எடுக்கும், குளிர்ச்சியாக இருக்கும், நல்லது. நிறத்தை மாற்றாது. எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்து வெயிலில் போனால் கருகும், கொப்புளிக்கும். தோல் லேசான அமிலத் தன்மையில் இருப்பது. அதன் மேல் சமையல் சோடாவைத் தேய்த்தால் காப்பு அடுக்கு கெடும். "ஹெர்பல்" என்று லேபிள் ஒட்டிய டப்பாவுக்குள் பாதரசம் இருக்க முடியாது என்று எந்தச் செடியும் உத்தரவாதம் தரவில்லை.

"ஊசி போட்டால் உள்ளிருந்தே வெளுக்குமாமே?" குளுட்டாதயோன் ஊசியைச் சொல்கிறார்கள். தோலை வெளுப்பாக்க எந்த ஊசிக்கும் அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதி தரவில்லை. பல மாதச் சம்பளத்தை ரத்தக் குழாய் வழியாக ஏற்றிக்கொள்வதற்கு முன் இதை ஒரு தரம் யோசிக்க வேண்டும்.

அப்படியானால் மங்கு, பரு, தேமல் வந்தால் சும்மா இருப்பதா? இல்லை. அவை நோய்கள், அவற்றுக்கு வைத்தியம் உண்டு. அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் காசில்லாமலே பார்ப்பார்கள். நோயைக் குணப்படுத்துவது வேறு, நிறத்தையே நோயாக்குவது வேறு. வெயில் தந்த கருமை குறைய வேண்டுமா, குடையும் சன்ஸ்கிரீனும் போதும். அதை ஏழு நாளில் அதிசயம் என்று விற்க முடியாது, அதனால் யாரும் கூவி விற்பதில்லை.

என்ன செய்யலாம்?

பெரிய புரட்சி எல்லாம் வேண்டாம். 706 கோடியில் விடுதி கட்ட முடிந்த இடத்தில், ஒவ்வொரு மாடியிலும் ஒரு தாள் ஒட்ட முடியாதா? அதில் இவ்வளவு எழுதினால் போதும்:

தயாரித்தவர் முகவரி, பேட்ச் எண் இல்லாத டப்பாவைத் தொடாதே. "தங்கம், வெள்ளி நகையில் படக் கூடாது" என்று எழுதியிருந்தால் உள்ளே பாதரசம் இருக்கலாம். கேலோமெல், மெர்குரி என்ற சொல் இருந்தால் கீழே வை. பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டசால் போன்ற பெயர்கள் ஸ்டீராய்டு, மருத்துவர் சொல்லாமல் முகத்தில் போடாதே. ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டிருந்தால் திடீரென்று தானாக நிறுத்தாதே, தோல் மருத்துவரிடம் டியூபோடு போ. காலில் வீக்கம், சிறுநீரில் நுரை என்றால் சிறுநீர்ப் பரிசோதனை செய், பூசும் கிரீமைப் பற்றிச் சொல்.

மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, ஸ்ரீபெரும்புதூரில் இருந்து ஒரகடம் வரை உள்ள கடைகளில் ஒரு வாரம் சீட்டு இல்லாமல் ஒரு டியூப் கேட்டுப் பார்க்கட்டும். கம்பெனிகள் வருடாந்திர மருத்துவப் பரிசோதனையில் "முகத்துக்கு என்ன போடுகிறீர்கள்?" என்று ஒரு கேள்வி சேர்க்கட்டும். செலவு ஒரு வரி மை.

2021 டிசம்பரில், இதே பகுதியின் மின்னணு ஆலைப் பெண்கள், தங்கியிருந்த விடுதியில் கெட்ட சோறு சாப்பிட்டு உடன் வேலை செய்பவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனதற்காகச் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். நாடே திரும்பிப் பார்த்தது. சோற்றில் இருந்த விஷம் அன்றே வயிற்றைப் புரட்டியது, அதனால் தெரிந்தது. கிரீமில் இருக்கும் விஷம் முதல் வாரம் முகத்தைப் பளபளக்க வைக்கிறது. அதற்கு யாரும் சாலையை மறிக்க மாட்டார்கள். நன்றி சொல்லி இன்னொரு டியூப் வாங்குவார்கள்.

சென்னையைச் சேர்ந்த 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 2009-லேயே 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்று பிரசாரம் தொடங்கியது. கருப்பும் அழகு என்று சொல்வது நல்லதுதான். ஆனால் வல்லம் வடகாலில் இரவு ஷிப்ட் முடிந்து வருகிற பெண்ணுக்கு அதற்கு முன்னால் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அம்மா, அந்த டியூபின் பின்பக்கத்தைத் திருப்பிப் படி. நாள் முழுக்க பொடி எழுத்தையும் தூசி அளவுச் சாமானையும் உற்றுப் பார்த்து, குறை கண்டுபிடித்து, தேறாததை ஓரமாக ஒதுக்குவதுதானே உன் வேலை? அதே கண்ணால் இதையும் ஒரு தரம் பார். தேறாது, ஒதுக்கிவிடு.